நாளைக்கு மாட்ட வேண்டியது

ஸ்ரீராம்புரம், பெங்களூரு
8 டிசம்பர் 2024

தம்பி உத்தமனுக்கு, அக்கா மங்களம் எழுதுவது.

நலம் என்று சொல்லித்தான் கடிதம் தொடங்க வேண்டும். இங்கே பாதி நலம். மீதிப் பாதி உன்னிடமிருந்து வரட்டும்.

கவியரசனை வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதுகெலும்பில் இரண்டு இடம் நசுங்கியிருக்கிறதாம். மார்பிலிருந்து இடுப்பு வரை பட்டை போட்டிருக்கிறார்கள். மூன்று மாதம் குனியக் கூடாது, நிமிரவும் கூடாது. உயிரோடு இருக்கிறானே, அது போதும் என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். அவன் ஓட்டிய ஹெலிகாப்டரில் கூடப் போன, கல்யாணப் பெண்ணின் சித்தப்பாவுக்கும் போட்டோக்காரருக்கும் கை, கால் முறிவோடு போயிற்று. கல்யாண மண்டபத்தின் மேல் பூத் தூவப் போனவர்கள் மாகடிக்குப் பக்கத்தில் ராகி வயலில் வந்து விழுந்தார்கள். இன்ஜின் நடுவானில் நின்ற பிறகு மூன்று உயிரையும் கீழே கொண்டுவந்து சேர்த்தவன் என் பிள்ளை. அதை ஒருத்தரும் சொல்லக் காணோம்.

அது விழுந்து ஒன்பதாம் நாள் கம்பெனி உன்னை நாஹர்லகுனுக்கு மாற்றியது எனக்குப் பிடிக்கவில்லை. அருணாசலப் பிரதேசம் எங்கே என்று கவி மேப்பில் காட்டினான். இந்தியா முடிகிற இடத்தில் இருக்கிறது. இருபத்தாறு வருஷம் ஒரே ஹாங்கரில் ஹெலிகாப்டர் பழுது பார்த்தவனை இப்போதா தூக்கி எறிய வேண்டும்? மருமகன் படுத்துக் கிடக்கும்போது தாய்மாமன் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

போன் என் காதுக்கு எட்டாது என்பது உனக்குத் தெரியும். கவி கூப்பிட்டால் நீ எடுப்பதில்லையாம். எழுது. மாடியில் உன் அறையை வாரத்துக்கு ஒரு தடவை கூட்டிவைக்கிறேன்.

உன் பதிலுக்காகத் தெருவைப் பார்த்திருக்கும்
அக்கா

*

நாஹர்லகுன்
22 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். கவி வீடு வந்ததைப் படித்து மனம் கொஞ்சம் ஆறியது. உன் சர்க்கரை மாத்திரையை மறக்காதே.

இங்கே குளிர் அதிகம். காலையில் ஹெலிகாப்டரின் மேல் பனி படிந்திருக்கும், துணியால் துடைத்த பிறகுதான் வேலை. மலை மேல் ஊர்களுக்கு மருந்தும் நோயாளியும் கொண்டுபோகிற மெஷின்கள் இரண்டு. மெஸ்ஸில் அரிசி குழைந்து வருகிறது. மங்களூர்க்காரர் சிரில் என்று ஒருவர் என் அறையில் இருக்கிறார், நல்ல மனிதர். அவர் வீட்டிலிருந்து வரும் ஊறுகாயில்தான் சோறு இறங்குகிறது. டீ நன்றாக இருக்கிறது. மழை எப்போது வேண்டுமானாலும் வரும்.

போனுக்கு சிக்னல் சரியாக இல்லை. கவியிடம் சொல்.

விபத்தைப் பற்றி விசாரணை நடப்பதால் நாம் எதுவும் எழுதாமல் இருப்பது நல்லது என்று மேனேஜர் ப்ரஹ்லாத் சொல்லியிருக்கிறார். கடவுள் இருக்கிறார்.

தம்பி
உத்தமன்

*

ஸ்ரீராம்புரம்
4 ஜனவரி 2025

உத்தமா,

உன் கடிதத்தில் பனி இருக்கிறது, ஊறுகாய் இருக்கிறது, மழை இருக்கிறது. கவிக்கு எங்கே வலிக்கிறது என்று ஒரு வரி இல்லையே! உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது உனக்கு? என் சர்க்கரை இருக்கிறபடி இருக்கிறது.

இப்போது கலக்கமான சேதி. கம்பெனியிலிருந்து கவிக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஓட்டியவன் தப்பு என்று எழுதியிருக்கிறார்கள். இன்ஜின் நிற்பதற்கு நாற்பது வினாடி முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்ததாம். அப்போது கீழே காய்ந்த ஏரி இருந்ததாம். உடனே இறக்கியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது, இவன் விளக்கைப் பார்த்தும் சும்மா போய்க்கொண்டிருந்தான் என்கிறார்கள். மெஷினில் குறை எதுவும் கிடையாது, ரெக்கார்டு எல்லாம் சுத்தம் என்றும் போட்டிருக்கிறது. இதை விசாரணையில் ஒப்புக்கொண்டால் அவன் லைசென்ஸ் போய்விடும். ஓசூர் நிலத்தை விற்று அவன் அப்பா படிக்க வைத்த படிப்பு. அவர் போன பிறகு எனக்கு இருப்பது இவன் ஒருவன், இவனுக்கு இருப்பது அந்த ஒரு வேலை.

“ஏண்டா, விளக்கைப் பார்த்தியா இல்லியா?” என்று கேட்டேன். “பார்த்தேம்மா” என்றான். “அப்புறம் ஏண்டா எறக்கல?” என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் இல்லாத லிவரைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்க்கிறான். சாப்பிடும்போதும் அந்தக் கை சும்மா இருப்பதில்லை. பார்க்கப் பயமாக இருக்கிறது தம்பி.

அந்த மெஷினுக்கு டாக்டர் நீதான். மஞ்சள் விளக்கு என்றால் என்ன? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. யாரோ வைத்த பழியை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

பொங்கலுக்கு நீ இல்லாமல் இருப்பது இதுதான் முதல் தடவை.

அக்கா

*

நாஹர்லகுன்
18 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்து. இங்கே சிரிலும் நானும் மெஸ்ஸில் பால் வாங்கிப் பொங்கல் மாதிரி ஒன்று கிண்டினோம். எனக்கு லேசான இருமல், வேறொன்றுமில்லை. கவிக்கு முதுகு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். டாங்கிலிருந்து இன்ஜினுக்கு எண்ணெய் போகிற வழியில் ஒரு ஃபில்டர் உண்டு. டீ வடிகட்டி மாதிரி. எண்ணெயில் தூசு, துரு, ஈரம், பாசி எது இருந்தாலும் அது பிடித்துக்கொள்ளும். வடிகட்டியைத் தட்டிக் கழுவாமல் டீ ஊற்றிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் வடிவது நின்றுவிடும் அல்லவா? அப்படி அடைக்கத் தொடங்கும்போது அந்த மஞ்சள் விளக்கு எரியும். அதனால் அந்த ஃபில்டரைக் குறித்த நாளில் மாற்ற வேண்டும் என்று விதி. சில சமயம் விளக்கின் சென்சாரில் ஈரம் பட்டாலும் சும்மா மினுக்கும்.

கவி நல்ல பைலட். இன்ஜின் நின்ற பிறகு இறக்கைச் சுழற்சியை மட்டும் நம்பி இறக்குவது எல்லோராலும் முடியாது. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுவேன்.

ரெக்கார்டு விஷயம் வக்கீல் பார்த்துக்கொள்வார். நீ அதையெல்லாம் மனத்தில் போட்டுக்கொள்ளாதே.

உத்தமன்

*

ஸ்ரீராம்புரம்
2 பிப்ரவரி 2025

மாமாவுக்கு,

வணக்கம். இருமல் விட்டதா? அம்மா உங்களுக்குக் கஷாயப் பொடி அனுப்பச் சொல்லி என் உயிரை வாங்குகிறார். இதோடு பார்சலில் வருகிறது. எனக்கு நடக்க முடிகிறது, பட்டை மட்டும் இன்னும் கழற்றவில்லை.

போனில் நீங்கள் கிடைக்காததால் எழுதுகிறேன். அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது.

அன்று காலை நாம் பேசியதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டேன். முந்தின நாளே மஞ்சள் விளக்கு இரண்டு தடவை மினுக்கியது என்று உங்களிடம் வந்து சொன்னேன். “சென்சார்ல ஈரம்டா, பறந்தா காஞ்சிடும், போ” என்றீர்கள். கல்யாணக்காரர்கள் பூக்கூடையோடு காத்திருந்தார்கள், நானும் கிளம்பினேன். ஏரிக்கு மேல் விளக்கு எரிந்தபோது உங்கள் சொல்தான் நினைவு வந்தது. இறக்கவில்லை. இதைச் சொன்னால் உங்கள் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள். எனக்காக நீங்கள் பேசித்தான் இந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. நீங்கள் சென்சாரைத் தப்பாகக் கணித்தீர்கள், அது யாருக்கும் வரும்.

ஆனால் ஒரு கணக்கு எனக்குப் புரிபடவே இல்லை மாமா. ஃபில்டர் புதியது. அக்டோபரில் நீங்களே மாற்றியது, ரெக்கார்டில் பார்த்தேன். அப்படியானால் அது அடைத்திருக்க முடியாது. இன்ஜின் ஏன் நின்றது? மெஷினில் தப்பில்லை என்றால் என் கைதானே மிச்சம்? எதையோ தப்பாகத் தொட்டிருக்கிறேன். எதை என்றுதான் தெரியவில்லை. ஒவ்வொரு வினாடியாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

ஒரு வரி போதும். நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று உங்களுக்குத் தோன்றுகிறது?

உங்கள்
கவி

*

ஸ்ரீராம்புரம்
24 பிப்ரவரி 2025

உத்தமா,

இருமல் என்று எழுதிய பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது? எனக்குப் படபடப்பு வருகிறது.

கவி உனக்கு ஏதோ எழுதியிருக்கிறான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். காதுதான் போயிற்று, கண் இருக்கிறது. தபால்காரர் வரும் நேரம் பார்த்து பால்கனியில் நிற்கிறான். இருபது நாளாக நிற்கிறான். ‘கேட்டவன் மறந்தாலும் பதில் சொல்ல வேண்டியவன் மறக்கக் கூடாது’ என்று அப்பா சொல்வார். அவன் என்ன கேட்டான் என்று எனக்கு வேண்டாம். பதில் போடு.

விசாரணைக்குத் தேதி குறித்துவிட்டார்கள், ஏப்ரல் 21. நேற்று வக்கீலம்மா வித்யாலட்சுமி வீட்டுக்கே வந்தார். கவி கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, “அம்மா, உங்க பையன் தன்னையே குத்தவாளி ஆக்கிக்கிறாரு. யாரையோ காப்பாத்துற மாதிரி இருக்கு” என்றார். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். கவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பெனி கொடுத்த காகிதக் கட்டையும் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் உன் கையெழுத்து. பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ‘உ’வை நீ ஸ்கூலில் போட்ட மாதிரியே போடுகிறாய். ஃபில்டர் மாற்றிய பக்கத்தை நகல் எடுத்து எனக்குக் கொடுத்திருக்கிறார். இதுதான் கம்பெனிக்குப் பெரிய பலமாம். ஃபில்டர் புதியது, அதனால் பழி முழுக்க ஓட்டியவன் தலையில்.

நீ வந்து ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. வருவாயா?

அக்கா

*

நாஹர்லகுன்
6 மார்ச் 2025

அக்காவுக்கு,

இருமல் சரியாகிவிட்டது. கஷாயப் பொடி கிடைத்தது. உன் படபடப்புக்கு டாக்டரைப் பார்.

லீவு கேட்டிருக்கிறேன், இங்கே ஆள் குறைவு. கவிக்கு எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். வேலை வந்துவிடுகிறது.

அந்த நகலை நீ வைத்துக்கொள்ள வேண்டாம். வக்கீலிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

உத்தமன்

*

ஸ்ரீராம்புரம்
18 மார்ச் 2025

உத்தமா,

நீ திருப்பிக் கொடு என்று எழுதியதால்தான் அந்தக் காகிதத்தை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். இல்லாவிட்டால் பீரோவிலேயே கிடந்திருக்கும்.

ஃபில்டர் மாற்றிய தேதி: 11 அக்டோபர் 2024.

உடனே நினைவு வரவில்லை. இன்று காலை போன வருஷக் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். அது ஆயுத பூஜை.

அன்றைக்கு நான் உன் ஹாங்கருக்கு வந்திருந்தேன் தம்பி. அடுக்கு நிறையச் சுண்டலும் பொரியும் கொண்டுவந்தேன். கவியும் வந்தான், படையல் போடும் முன்னாலேயே யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டான். வாசலில் நீ பூசணிக்காய் உடைத்தாய். சக்கரமே இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று நான் கேட்டு எல்லோரும் சிரித்தீர்கள். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றையும் கழுவி வாழையிலையில் வரிசையாக அடுக்கியிருந்தாய். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது நான். வயதான கிருஷ்ணப்பா ஏதோ திருகுவதற்கு ஒரு ஸ்பேனரை எடுக்கப் போனார். நீ அவர் கையைத் தட்டிவிட்டாய். “நாளைக்குக் காலையில பூஜை கலைக்கிற வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது” என்று சொன்னாய். உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு நன்றாகத் தெரியும்.

இலையின் ஓரத்தில் ஒரு வெள்ளை அட்டைப்பெட்டி இருந்தது. இது என்ன என்று கேட்டேன். “நாளைக்கு மாட்ட வேண்டியதுக்கா, இதுக்கும் ஒரு பொட்டு வை” என்றாய். வைத்தேன். பொட்டு கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

ஆயுதத்தைத் தொடாமல் அன்றைக்கு ஃபில்டரை எப்படி மாற்றினாய்?

அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்ன? அது இப்போது எங்கே?

இதை நான் வக்கீலிடம் சொல்லவில்லை, கவியிடமும் சொல்லவில்லை. அவனுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவன் நீ. அவன் அழுததைவிட நீ அதிகம் அழுதாய். அதனால் முதலில் உன்னைக் கேட்கிறேன். ஏப்ரல் பத்து வரை காத்திருப்பேன். அதற்குப் பிறகு நானே போய்ச் சொல்லிவிடுவேன். என் பிள்ளையா என் தம்பியா என்று என்னை நிற்க வைத்துவிடாதே.

மங்களம்

*

நாஹர்லகுன்
29 மார்ச் 2025

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. உடம்பு எப்படி என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

ஃபில்டரை நான் மாற்றவில்லை.

கெடு அக்டோபர் 11-ஆம் தேதியோடு முடிந்தது. மறுநாள் விடிந்ததும் அந்த மெஷின் மைசூருக்குத் தசராவுக்குப் போக வேண்டும். பத்தாம் தேதியே மாற்றியிருக்கலாம், சுத்தம் செய்வதிலும் மாவிலை கட்டுவதிலும் போயிற்று. பூஜையில் வைத்த ஸ்பேனரை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவையும் எடுத்ததில்லை. ப்ரஹ்லாத் வந்து, “சைன் ஹாக்கி பிடி உத்தமன், ஆமேலே நோடோணா” என்றார். கையெழுத்தைப் போட்டுவிடு, பிறகு பார்க்கலாம் என்று கன்னடத்தில். அவர் சொன்னார் என்பது சாக்கு. பேனா என் கையில் இருந்தது. பேனாவை மட்டும் நாம் பூஜையில் வைக்கவில்லை.

காலையில் நான் பூஜை கலைப்பதற்குள் மெஷின் போய்விட்டது. பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பியது. அதற்குள் காகிதத்தில் வேலை முடிந்திருந்தது. காகிதத்தில் முடிந்த வேலை மறுபடி எந்தப் பட்டியலிலும் வராது அக்கா. எனக்கு மட்டும்தான் தெரியும். இந்தத் திங்கள்கிழமை, அடுத்த திங்கள்கிழமை என்று தள்ளினேன். யார் கண்ணிலும் படாமல் மாற்ற வேண்டுமே என்ற பயம் வேறு. அப்படியே நவம்பர் வந்தது.

அன்று காலை கவி விளக்கைப் பற்றிச் சொன்னபோது எனக்கு உடனே தெரிந்துவிட்டது, ஃபில்டர்தான் என்று. நிறுத்து என்று சொல்லியிருந்தால் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். சென்சார் என்றேன். இன்னும் ஒரு நடை தாங்கும், வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். நான் வளர்த்த பிள்ளையை அனுப்பினேன்.

இந்த மாதங்களில் நான் போனை எடுக்காததற்கு சிக்னல் காரணமில்லை. இங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது. கவியின் குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேன் என்று பயந்தேன். உனக்குக் கடிதம் எழுதுவது சுலபமாக இருந்தது. பனியையும் மழையையும் எழுதி ஒளிந்துகொண்டேன்.

பெட்டி என்னிடம் இருக்கிறது. எறிந்துவிடப் பலமுறை எடுத்தேன். மேலே நீ வைத்த பொட்டு அப்படியே இருந்தது. சீல் பிரிக்காத பெட்டி, மேலே நம்பர் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட பக்கத்திலும் அதே நம்பர்தான். அதை இன்று விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நடந்ததையும் எழுதி வைத்திருக்கிறேன், அன்று காலையில் நான் கவியிடம் சொன்ன வார்த்தை உட்பட. நகல் வித்யாலட்சுமி அம்மாவுக்கும் போகிறது. ஏப்ரல் 16-ஆம் தேதி ரயில் ஏறுகிறேன்.

கவியிடம் சொல். அவன் கை எதையும் தப்பாகத் தொடவில்லை.

உத்தமன்

*

ஸ்ரீராம்புரம்
7 ஏப்ரல் 2025

உத்தமா,

உன் கடிதத்தைக் கவியிடம் அப்படியே கொடுத்தேன். நானாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

இரண்டு தடவை படித்தான். பிறகு என் முகத்தைத் திருப்பி, உதடு எனக்குத் தெரியும்படி மெதுவாகக் கேட்டான். “அப்போ தப்பு என்னுது இல்லியாம்மா?” இல்லை என்றேன். மறுபடியும் கேட்டான். மறுபடியும் இல்லை என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது, அவன் மேல் இல்லை. இந்த ஒரு வார்த்தைக்காக அந்தப் பிள்ளை நாலரை மாதம் தன்னைத் தானே கூண்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறான். உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு உனக்கே எழுதிக் கேட்டான். நீ பதில் போடவில்லை. நீ கையெழுத்துப் போட்டதைக்கூட ஒரு நாள் மன்னிப்பேனோ என்னவோ. அவன் கடிதத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாயே, அதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு உன் பேரை அவன் எடுக்கவில்லை. திட்டவும் இல்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தான். இடது கை மடியில் சும்மா கிடந்தது. ரசம் சாதம் முடிகிற வரைக்கும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது அசையவில்லை.

வித்யாலட்சுமி அம்மாவுக்கு நகல் கிடைத்துவிட்டது. கவி லைசென்ஸ் தப்பிக்கும் என்கிறார். உனக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் குனிந்து பையில் ஏதோ தேடினார். நான் திரும்பக் கேட்கவில்லை.

பெங்களூரில் இறங்கியதும் வீட்டுக்கு வராதே. நேரே விசாரணைக்குப் போ. உன்னைப் பார்த்தால் நான் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், யாராவது ஒருத்தர் ஏதாவது சொல்லி மனம் மாறிவிடும். எல்லாவற்றையும் அவர்கள் முன்னால் உன் வாயால் சொல். ஒரு வரி விடாதே. சொல்லிவிட்டு வா. மாடி அறையைக் கூட்டித்தான் வைத்திருக்கிறேன். கவி மாடி ஏறி வந்து உன்னைப் பார்ப்பானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதை நீயும் அவனும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம் தொடங்கும்போது உன் நலத்தை விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டுமென்றே விட்டேன். உறையில் போட்டு ஒட்டப் போனேன், ஒட்ட முடியவில்லை. மறுபடியும் எடுத்துக் கடைசியில் எழுதுகிறேன்.

நீ எப்படி இருக்கிறாய்டா?

அக்கா